ஜூன் 2012: கேட்காதே

அப்படியானால் இவரை எதில் சேர்ப்பது, 'உறவின் வெப்பம்' என்ற கட்டத்தில் மூன்றே மூன்றுதான் இருக்கின்றன, சூடு, மிதம், குளிர், இந்த மிண்டன் ஊர் மரப்பட்டறைக்காரரோ நம் ஆளை இரண்டு முறை வாசலோடு துரத்தியிருக்கிறார், மூன்றாவது முறை அவரே போன் செய்து நான்கு தூசி உறிஞ்சிகள் வேண்டும் என்றிருக்கிறார், நடுவில் என்ன நடந்தது என்று குறிப்பில் எதுவும் இல்லை, 'நாய் செத்துவிட்டது' என்று மட்டும் இருக்கிறது, யாருடைய நாய், அவருடையதா, நம் விற்பனையாளர் போல்மானுடையதா, நாய் செத்தால் உறவு சூடாகுமா குளிருமா... மிதம் என்று போட்டேன். தெரியாததையெல்லாம் மிதத்தில் போட்டுப் போட்டு இந்த மூன்று வாரத்தில் வட ஜெர்மனி முழுவதையும் மிதமாக்கிவிட்டேன். இந்த மூன்று சொற்களைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான், வேறு யாரையும் திட்ட முடியாது, இந்த வருடம் ஜூன் மாதம் பெரிய கூட்ட அறையில் சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி, ஆலோசகன் டோர்பென் ஹனோவரிலிருந்து வந்து, "வாடிக்கையாளரை எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பார்க்கணும், முழு வட்டமா" என்று கைகளை விரித்துக் காட்டியபோது, எவ்வளவு தெளிவாக இருந்தது எல்லாம்.

வெள்ளிக்கிழமை, காலை மணி ஒன்பது ஆகப் போகிறது. பன்னிரண்டுக்குப் பழைய தரவைப் பூட்டிவிடுவார்கள், திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் விவரங்களுக்கான புதிய சிஸ்டம். ஒன்பதாயிரத்து நானூறு பேர், அதில் இன்னும் படிக்காதது முந்நூற்றுச் சொச்சம், எல்லாம் போல்மானுடையது, கடைசியாகக் கொடுத்தவர் அவர்தான். பதினோரு விற்பனையாளர்களில் பத்துப் பேர் தங்கள் பழைய குறிப்புகளைச் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் கொடுத்துவிட்டார்கள். நோர்ட்ஸீக் கம்பெனிக்கு இந்த சிஸ்டம் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியதே ஒரு விற்பனையாளர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய இருநூறு வாடிக்கையாளர்களும் அவர் தலைக்குள்ளேயே போய்விட்டதால்தான், யார் என்ன வாங்கினார், யாருக்கு எந்த வடிகட்டி, யாரிடம் எதைப் பேசக் கூடாது, ஒன்றும் கம்பெனியிடம் இல்லை. "இம்கே, இத நீங்க எடுத்துச் செய்ங்க, உங்களுக்குப் பொறுமை இருக்கு" என்றார். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது? எந்தக் கட்டத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்?

பிறகு ஊட்டே வந்தாள். தொழிலாளர் மன்றத்துத் தலைவி, கிடங்கில் இருபது வருடம் வேலை செய்தவள், அவள் சரி என்று குரல் கொடுத்தாலே பாதிக் கையெழுத்து விழுந்த மாதிரி. "இது வாடிக்கையாளரக் கண்காணிக்கிற சிஸ்டமா, இல்ல எங்க ஆளுங்களக் கண்காணிக்கிற சிஸ்டமா, முதல்ல அதச் சொல்லு" என்றாள். ஏழு கூட்டம். பதினான்கு பக்க ஒப்பந்தம். யார் எத்தனை பேரைப் பார்த்தார் என்று எண்ணக் கூடாது. பழைய குறிப்புகளில் ஒருவருடைய உடம்பு, குடும்பம், மதம், குடி பற்றி இருப்பதெல்லாம் புதிய சிஸ்டத்துக்குப் போகக் கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அந்தக் குறிப்புகளை ஒரே ஒரு ஆள் படித்து, 'வை', 'சுருக்கு', 'அழி' என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும், படித்ததை யாரிடமும் பேசக் கூடாது. அந்த ஒரே ஆள் நான். நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏழாம் பிரிவு, இறந்துபோனவர் ஒவ்வொருவரின் பதிவு வரிசையையும் குறிப்போடு முழுவதாக நீக்குவது, அது நானே எழுதிச் சேர்த்தது, செத்தவர்களை எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னேன், ஊட்டே தலையாட்டினாள்.

போல்மான் மட்டும் தரமாட்டேன் என்று நின்றார். ஆகஸ்டில் அவர் மேசைக்குப் போனேன். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி, சட்டைப் பையில் இரண்டு பேனா, அவ்வளவு நீளமான மனிதர் அவ்வளவு சின்ன நாற்காலியில். யாரு படிப்பாங்க என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். "நீங்களா? வேற ஆளே இல்லையா இந்தக் கம்பெனியில?" அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியம் காதில் குத்திக்கொண்டே வந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பதில்களைத் தயார் செய்துகொண்டே போனேன், ஏன், பொம்பளை படிக்கக் கூடாதா, வெளியே போய் விற்காதவளுக்குப் புரியாதா... கணவன் அர்னேயிடம்கூடச் சொன்னேன், அவன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "அந்த ஆளு அப்படிச் சொல்றவர் மாதிரி தெரியலையே" என்றான், அதற்காக அவன் மேலும் கோபம் வந்தது. அக்டோபர் கடைசியில் போல்மான் எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் அனுப்பி வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வரிசை ஆறாயிரத்து நூற்றுப் பதினேழு, ஓஸ்னாப்ரூக், கதவு செய்பவர், 'மனைவிதான் முடிவெடுப்பார்', சுருக்கு. அடுத்தது. ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டு, பூண்டே, சமையலறை அலமாரித் தொழிற்சாலை, தொடர்பு நபர்: ஹார்ட்முட் வேமாயர், உற்பத்தி மேலாளர். நிலை: செயலில்.

செயலில். என் அப்பா செத்து நான்கு வருடம் ஆகிறது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது என்று நினைக்கிறேன், அல்லது சிரிப்பு மாதிரி ஒன்று, மூக்கு வழியாக. இதை ஏன் எதிர்பார்க்கவில்லை? அப்பாவின் தொழிற்சாலையில் எங்கள் இயந்திரங்கள்தான் என்று எனக்குத் தெரியும், நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா, "அங்க போல்மான்னு ஒருத்தர் இருக்கார், நல்ல மனுஷன்" என்றார், அவர் வாயிலிருந்து அது ஒரு பெரிய சொற்பொழிவு. இறுதிச் சடங்குக்குப் போல்மான் வந்திருந்தார், என் கையைப் பிடித்தார், கொஞ்சம் அதிக நேரம் பிடித்தார், அப்போதே ஏதாவது நினைத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாயிரம் வரிசைகளைப் படிக்கிறவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு வரிசைதான், அவற்றில் ஒன்று உன் அப்பா என்று யாராவது முன்கூட்டியே சொன்னார்களா... சொன்னாரோ? நீங்களா, வேற ஆளே இல்லையா. ஐயோ. அதுதானா அது?

குறிப்புக் கட்டத்தைத் திறந்தேன். மேலே வடிகட்டிப் பைகள், குழாய்கள், 2006இல் ஒரு விசிறி உடைந்து அப்பா கத்தியது, 'நியாயமான கோபம்' என்று போல்மான் எழுதியிருக்கிறார். 2008, 'கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாட்டில் சிவப்பு ஒயின், மகிழ்ந்தார்'. 2009, 'மூன்று'. பிறகு மார்ச் 2011: 'ஒயின் இனிக் கொண்டுபோகாதே. காப்பி, வெண்ணெய்க் கேக். நிறுத்திவிட்டார். வீட்டில் தெரியாது.' செப்டம்பர் 2011: 'வியாழன் ஐந்து மணிக்கு மேல் அழைக்காதே. ஹெர்ஃபோர்டில் கூட்டம்.' மே 2012: 'மகள் கல்யாணம். பயப்படுகிறார்.' ஜூன் 2012: 'கேட்காதே.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே மறுபடி வடிகட்டிப் பைகள், அறுபது.

வீட்டில் தெரியாது. எது தெரியாது? குடித்ததா, நிறுத்தியதா? நான் யோசித்துப் பார்க்கிறேன், அப்பா குடித்து நான் பார்த்திருக்கிறேனா, சாயங்காலம் நிலவறைக்குப் போய்க் களிமண் குவளையில் பீர் கொண்டுவருவார், எல்லார் வீட்டு அப்பாவும் கொண்டுவருவது மாதிரி, அந்தக் குவளைக்கு மூடி இருந்தது, உள்ளே என்ன என்று வெளியே தெரியாது, அதில் எத்தனை வருடம் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்... நிலவறையில் எவ்வளவு நேரம் இருப்பார்? பத்து நிமிடமா? அரை மணியா? ஏதோ கருவிகளை ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்தேன், கருவிகள் எப்போதும் ஒழுங்காகத்தானே இருந்தன. வியாழக்கிழமை கேகல் ஆட்டம், கட்டைகளைப் பந்துருட்டி வீழ்த்தும் கழகம், கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு நாலரைக்குக் கிளம்புவார், எட்டரைக்கு வருவார், யார் ஜெயித்தார்கள் அப்பா என்று கேட்டால், "மத்தவங்க" என்பார். ஒவ்வொரு வியாழனும் மத்தவங்க. நானும் அவ்வளவு தோற்கிறவரா என் அப்பா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கல்யாணம். இதைத் தொடாமல் போய்விடலாம் என்று பார்த்தேன், முடியாது. மே மாதம், சனிக்கிழமை, ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்துக் கூடம், நூற்றிருபது பேர். பெண்ணின் அப்பா எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிக் கோப்பையை உயர்த்த வேண்டும், எல்லாரும் காத்திருந்தார்கள், அர்னேயின் மாமா கரண்டியால் கண்ணாடியைத் தட்டி டிங் டிங் என்கிறார், அப்பா எழுந்தார், கோப்பையை எடுத்தார், ஷாம்பெயின், அதைப் பார்த்தார், கீழே வைத்தார், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நடந்து வெளியே போய்விட்டார். யாரோ இருமினார்கள். பிறகு அர்னேயின் அப்பா எழுந்து ஏதோ சிரிக்கச் சிரிக்கப் பேசிச் சமாளித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாகன நிறுத்தத்தில் எங்கள் பழுப்புக் காரில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம். கேக் வெட்டும்போது வந்து பின்வரிசையில் நின்றார். மறுவாரம் நான் போய் நின்று, உங்களுக்கு அர்னேவப் பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்லித் தொலைங்க என்று கத்தினேன். "பிடிச்சிருக்கே" என்றார். அதன் பிறகு ஏழு வருடம், பிறந்தநாள், கிறிஸ்துமஸ், மரியாதையாக, கை குலுக்கி, எப்படி இருக்கீங்க, பரவாயில்ல, கார் நல்லா ஓடுதா. அவர் மருத்துவமனையில் கடைசியாக இருந்தபோதும் நான் காரைப் பற்றித்தான் பேசினேன்.

பயப்படுகிறார். சரி, இப்போது புரிகிறது, கோப்பையைப் பார்த்துப் பயந்திருக்கிறார், நூற்றிருபது பேர் முன்னால் அதை உதட்டில் வைக்க வேண்டும், வைத்தால் போயிற்று, அதனால் ஓடினார், அதைத் தாண்டக் காரில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எவ்வளவு எளிது. அப்படியானால் ஜூன் 2012 ஏன்? கேட்காதே என்றால் என்ன கேட்காதே? கல்யாணம் எப்படிப் போனது என்று கேட்காதேயா, இன்னும் நிறுத்தித்தான் இருக்கிறாரா என்று கேட்காதேயா? காரில் ஒரு மணி நேரம். குடிக்காமல் இருக்கக் காருக்குப் போனாரா, குடிக்கக் காருக்குப் போனாரா? காரின் பின்பெட்டியில் என்ன இருந்தது? கேக் வெட்டும்போது நான் அவர் பக்கத்தில் போகவே இல்லை, போயிருந்தால் மூச்சிலேயே தெரிந்திருக்கும், நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், வேண்டுமென்றே...

கைபேசியை எடுத்தேன். திரையைப் படம் எடுக்க ஒரு வினாடி போதும். நான்காம் பக்கம், என் கையெழுத்து, பரவாயில்லை, இது என் அப்பா. ஆனால் போன வாரம் விற்பனையாளர் ஒருவர் தன் சொந்த மச்சானைப் பற்றிய குறிப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது முடியாது என்று நான்தான் சொன்னேன், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். கதவு திறந்தது, டோர்பென், கையில் பச்சைப் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வைத்த ரொட்டி. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். நேர்மையாலா, அவன் கதவைத் திறந்ததாலா, இப்போது வரை எனக்குத் தெரியவில்லை. "எத்தன பாக்கி?" என்றான். முந்நூறு என்றேன். "அய்யோ, இம்கே, ஒவ்வொண்ணையும் கவிதை மாதிரி படிக்கிறீங்களா? சந்தேகம்னா அழிங்க. அழிச்சதுக்காக யார் மேலயும் கேஸ் போட மாட்டாங்க." வெங்காய வாசனை அறையெல்லாம் நின்றது.

எழுந்து போனேன். யாரிடமும் பேசக் கூடாது என்றுதான் ஒப்பந்தம், எழுதினவரிடமே பேசுவது பேசுவதாகுமா? படிக்கட்டில் இறங்கும்போது அந்த வாதத்தை எனக்கே மூன்று முறை சொல்லிக்கொண்டேன். போல்மான் வாகன நிறுத்தத்தில், கார் பின்பெட்டியில் மாதிரி வடிகட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார், நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது, அவர் தொப்பி போட்டிருந்தார், நான் போடவில்லை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"பூண்டே வந்துடுச்சா?" என்றார்.

வந்துவிட்டது என்றேன். முந்தின இரவு முழுக்கத் தூங்காதவள் மாதிரி என் குரல் இருந்தது, நன்றாகத் தூங்கியிருந்தேன்.

"நீங்க படிக்க வேண்டாம்னுதான் நான் ரெண்டு மாசம் இழுத்தேன். வேற எப்படிச் சொல்றது? இந்த வரிசைய மட்டும் படிக்காதீங்கன்னு சொன்னா, அப்பவே படிச்சிருப்பீங்க."

"அத மட்டும் அழிச்சுட்டுக் குடுத்திருக்கலாமே."

"அழிச்சேன்" என்றார். தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டார். "அழிச்சுட்டு ஒரு ராத்திரி இருந்து பாத்தேன். மனுஷன் பதினஞ்சு வருஷம் எங்கிட்ட வாங்கினது வெறும் பைதான்ங்கற மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் திரும்ப எழுதினேன்."

"அதே வார்த்தைகளா?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் யோசிப்பது மாதிரி, நீளமாக. "கிட்டத்தட்ட."

கிட்டத்தட்ட. மழை என் கழுத்துக்குள் இறங்கியது. அப்படியானால் நான் படித்தது பதினோரு வருடத்துக்கு முந்தைய குறிப்பா, மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாபகமா? பயப்படுகிறார் என்று அப்போது எழுதினாரா, இப்போது எழுதினாரா, அப்பா தன் வாயால் பயமாயிருக்கு என்றாரா, இவர் முகத்தைப் பார்த்து நினைத்துக்கொண்டாரா... இத்தனையும் கேட்க நினைத்து, "ஜூன் மாசம் என்ன ஆச்சு? கேட்காதேன்னு எழுதியிருக்கீங்க. என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"கேட்காதேன்னு எழுதினேன்ல. அதனால கேக்கல."

"உங்களுக்குத் தெரியாதா?"

"உள்ள போனேன். காப்பி வெச்சிருந்தார். மூஞ்சியப் பாத்தேன். கேக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அடுத்த தடவ போறப்ப வாய் தவறிக் கேட்டுடக் கூடாதேன்னு எழுதி வெச்சேன். அதுக்குத்தானேம்மா குறிப்பு." பின்பெட்டியை மூடினார். இத்தனை வருடத்தில் என்னை 'அம்மா' போட்டுப் பேசியது அன்றுதான். "வியாழக்கிழம குடிய விட்டவங்க கூட்டத்துக்குக் கடைசி வரைக்கும் போனார். அது எனக்குத் தெரியும். நடுவுல எத்தன தடவ விழுந்தார்னு எண்ணினது கெடையாது."

"நிலைய ஏன் மாத்தல? செயலில்னே இருக்கு."

"அந்த மெனுவுல 'காலமானார்'னு ஒண்ணு இருக்குன்னு தெரியும்" என்றார். "கை போகல. நீங்க போடுங்க." பிறகு மழையில நிக்காதீங்க என்றார், காரில் ஏறி மிண்டன் பக்கம் போய்விட்டார். அந்த நாய் யாருடையது என்று கேட்க மறந்துவிட்டேன், அந்த நேரத்தில் போய் நாயை நினைக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு ஒரு வெறுப்பு.

பதினொன்றரைக்கு முந்நூறையும் முடித்துவிட்டேன், எப்படி முடித்தேன் என்று தெரியாது, டோர்பென் சொன்னது மாதிரி சந்தேகம் வந்ததையெல்லாம் அழித்தேன் என்று நினைக்கிறேன், யாருடைய மகளுக்கோ உரியதை. ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். சுருக்கு என்று போட்டால் விதிப்படி விருப்பங்கள் மிஞ்சும், 'காப்பி, வெண்ணெய்க் கேக்'. அது இருக்கட்டுமே, திங்கட்கிழமை புதிய சிஸ்டத்தில் என் அப்பா காப்பியோடும் கேக்கோடும் எழுந்து வரட்டுமே, உறவின் வெப்பம்... எதைப் போடுவது? மிதமா? ஏழு வருடம் கை குலுக்கினேன், மிதம்தான். ஊட்டே வந்து என் பின்னால் நின்றாள், முடிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட. திரையில் பெயரைப் பார்த்தாள், கல்யாணத்துக்கு முந்தைய என் குடும்பப் பெயர் அவளுக்குத் தெரியும், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வேணும்னா திரும்பிக்கிறேன்" என்றாள். "ஒரு தடவ. யாருக்கும் சொல்ல மாட்டேன்." சத்தியமாகத் திரும்பிக்கொண்டாள், அந்தப் பெரிய உடம்போடு நாற்காலியையே திருப்பி, சுவரில் இருந்த தீயணைப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தாள். நான் மெனுவை இறக்கினேன். செயலில், ஓய்வு, விலகினார், காலமானார். தேர்ந்தெடுத்ததும் தேதி கேட்டது. தேதியைப் போட்டேன். வரிசை சாம்பல் நிறமானது, ஏழாம் பிரிவு. பன்னிரண்டுக்கு டோர்பென் பக்கத்து அறையில் எதையோ அழுத்தினான், ஏழு நிமிடம் ஓடியது, "சுத்தம்!" என்று கத்தினான், தாழ்வாரத்தில் யாரோ கை தட்டினார்கள். ஏன் அப்படிச் செய்தேன்? சரி என்று நினைத்தா? ஊட்டே திரும்பிக்கொண்டதாலா? அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் ஒருவேளை அந்தக் குறிப்பைத் திருடியிருப்பேனோ?

பன்னிரண்டரைக்குக் காருக்குள் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எதற்கு என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

"என்னடி, வேல நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. அப்பா வியாழக்கிழம எங்க போவார்?"

"கேகல் ஆட." உடனே சொன்னாள், மிக உடனே. பிறகு பின்னால் அடுப்பை அணைக்கும் சத்தம். "ஏன் கேக்குற?"

சும்மா என்றேன். படித்ததைச் சொல்லக் கூடாது, சொல்ல இப்போது தாளும் இல்லை, திரையும் இல்லை.

"சும்மா யாரும் வெள்ளிக்கிழம மத்தியானம் இதக் கேக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. மூச்சு விட்டாள். "அந்தப் பைய வாரா வாரம் அலமாரியிலேர்ந்து எடுத்துக் குடுத்தது நான். அதுல பந்து இருந்தா எனக்குத் தூக்கத் தெரியாதா? பஞ்சு மாதிரி இருக்கும்."

"உனக்குத் தெரியுமா? எல்லாம்?"

"காலி பாட்டிலக் கடையில திருப்பிக் குடுத்துட்டுக் காசு வாங்கறது யாரு? நான்தானே. மொதல்ல எத்தனன்னு தெரிஞ்சுது. அப்புறம் ஒரு வசந்த காலத்துல லேபிள் மாறிச்சு, ஆல்கஹால் இல்லாத பீரு. நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியாதுன்னு அவர் நெனச்சுக்கிட்டிருந்தார். நெனச்சுக்கட்டும், அதுல அவருக்கு ஒரு பலம்னு விட்டுட்டேன்."

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி வந்தது.

"சொல்லியிருந்தா நீ அவர அப்படிப் பாத்திருப்ப. ஒவ்வொரு தடவ கிளாஸ் எடுக்கறப்பவும்."

"பதிலுக்கு வேற மாதிரி பாத்தேனே, அம்மா. கல்யாணத்துக்கு அப்புறம். கார்ல போய் உக்காந்தாரே, ஒரு மணி நேரம். அங்க என்ன பண்ணார்? குடிச்சாரா?" நேராகவே கேட்டுவிட்டேன்.

"குடிக்கறதா? கார்ல என்ன பண்ணோம், ரேடியோ கேட்டோம். போக்குவரத்துச் செய்தி. ஏ டூ நெடுஞ்சாலைல எங்கெங்க நெரிசல்னு ஒண்ணு விடாம எனக்குத் தெரியும் அன்னிக்கு. செருப்பு கடிக்குதுன்னு சொல்லி நானும் போய் உக்காந்துட்டேன்ல."

"நீயா?"

"பின்ன? அவரத் தனியா விடுவேனா? கேக் வெட்டறதுக்கு உள்ள அனுப்பி வெச்சதே நான்தான். அதுக்கப்புறம் ஜூன்ல ஒரு நாள்..." நிறுத்தினாள். "அது வேண்டாம்."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் போன் செய்தேன், வாய்வரை வந்தது, கேட்கவில்லை. காருக்குள் கண்ணாடியெல்லாம் மூச்சில் மங்கியிருந்தது, வெளியே யாரோ யாருக்கோ "மால்ட்சைட்" என்று சாப்பாட்டு நேர வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தக் கூடத்தை மறுபடி கண்முன் கொண்டுவந்தேன், தலைமை மேசை, வெள்ளை விரிப்பு, பியோனிப் பூக்கள், பின்னால் தள்ளிய நாற்காலி, அதன் மேல் கசங்கிய கைத்துணி, பதினோரு வருடமாக அந்த நாற்காலியை எந்தப் பக்கத்திலிருந்தும் வரைந்து காட்டுவேன். அதற்குப் பக்கத்தில் அம்மாவின் இடம். அங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, தட்டு இருக்கிறதா, நாற்காலி உள்ளே தள்ளியிருக்கிறதா வெளியே இழுத்திருக்கிறதா... அர்னேயின் அப்பா பேசும்போது அம்மா சிரித்ததாக எனக்கு ஞாபகம், நிச்சயமாக ஞாபகம், நீல உடையில், வாயைப் பொத்திக்கொண்டு. அவள் காரில் இருந்தாளானால், சிரித்தது யார்? ஜன்னல் வழியாகப் பார்த்தேனே, காரில் ஒரு தலைதானே தெரிந்தது, ஒன்றா, நான் ஒன்றைத்தான் தேடினேனா? இரண்டு பேர் எழுந்து போயிருக்கிறார்கள், என் கல்யாணத்தில், என் கண்ணெதிரே, நான் ஒருவருக்கு மட்டும் கோபப்பட்டிருக்கிறேன்.

"லைன்ல இருக்கியா, இம்கே?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், நான் அந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்துவிட முயன்றுகொண்டிருந்தேன்.